தில்லிக்கு வரலாற்றுச் சுற்றுலாவா? திங்கட்கிழமையைக் கவனியுங்கள்

தமிழகத்திலிருந்து மேல்நிலை வகுப்பு மாணவர்களைத் தில்லிக்கு அழைத்து வரும் வரலாற்று ஆசிரியர்கள், செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை ரயில் முன்பதிவுக்கு முன்பே மனத்தில் கொள்ள வேண்டும். அன்றைய பொழுதைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஒதுக்கிவிடலாம்.

இங்கேயே வசிக்கும் நான், ஆலோசனை கேட்பவர்களிடம் வலியுறுத்துவது, அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது கொடுங்கள் என்பதே. பாடநூலில் பெரிதாகத் தோன்றும் மொகஞ்சதாரோ நடன மங்கையின் உண்மையான உயரம் ஏறத்தாழ 10.5 செ.மீ. மட்டுமே என்பதால், ஐந்தைந்து பேராகக் கண்ணாடிப் பெட்டியை நெருங்கிப் பார்த்தால்தான் இடக்கை முழுவதும் அடுக்கிய வளையல்கள் தெரியும். நாற்பது பேரும் ஒன்றாக முண்டியடித்தால் முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் தெரியும். திருவரங்குளத்துச் சோழர்கால நடராசரையும் அங்கேயே காணலாம்.

தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கே கட்டணம் இல்லை. எனவே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு நுழைவுச்சீட்டுகளை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

நேரம் மிஞ்சினால், பலரும் தவறவிடும் ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்குச் செல்லுங்கள்: 14ஆம் நூற்றாண்டில் தோப்ராவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட அசோகர் தூணில், பிராமி எழுத்துகளை மாணவர்கள் நேரில் காண்பார்கள்.