ஏரிக்கரை, வயக்காட்டுப் பாதைல லாங் ரன்: முதல் தடவை போறவங்க பாத்துக்க வேண்டியது

பெசன்ட் நகர், மெரினா, ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோடுன்னு தார் ரோட்டுலயே ஓடிப் பழகின நிறைய பேர் இப்ப திருப்போரூர், செங்கல்பட்டு, ஊத்துக்கோட்டை பக்கம் மண் பாதை தேடிப் போறாங்க. நல்ல விஷயம், தாராளமா போங்க. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, தார் ரோடு வருஷம் பூரா ஒரே மாதிரி கிடக்கும், கிராமத்துப் பாதை அப்படி இல்ல, மாசில கெட்டியா கிடந்த கரை ஐப்பசி மழைல வழுக்குப் பாறை மாதிரி ஆயிடும், போன மாசம் இல்லாத வேலி இந்த மாசம் இருக்கும். அதனால 20 கிலோமீட்டர் ஓடுற தெம்பு இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி, இன்னைக்கு தேதிக்கு அந்தப் பாதை எப்படி இருக்குன்னு தெரியணும்.

ஸ்டெப் 1: முதல்ல ஓடாதீங்க, நடங்க

மேப்ல கோடு தெரியுதுன்னு நம்பி இறங்காதீங்க. ஓடப் போற வாரத்துலயே ஒரு நாள் வெளிச்சத்துல அந்தப் பாதைய நடந்து பாருங்க, டீக்கடைலயோ ஆடு மேய்க்குற அண்ணன் கிட்டயோ நின்னு பேசுங்க. "அண்ணே, இந்த வழியா கரை முழுக்கப் போலாமா, நாய் இருக்கா, கரண்ட் வேலி எதுனா போட்டிருக்காங்களா"ன்னு நேரா கேளுங்க. கரண்ட் வேலி கேள்விய மட்டும் விட்டுடாதீங்க. காட்டுப்பன்னி தொல்லை இருக்குற இடத்துல சில பேர் கம்பிக்கு நேரடியா லைன் கொடுத்துடுறாங்க, அது சட்டவிரோதம், ஆள் செத்திருக்காங்க, அதுவும் ராத்திரில போட்டு விடிஞ்சப்புறம்தான் ஆஃப் பண்ணுவாங்க, நீங்க ஓடக் கிளம்புறதும் அதே நேரம்தான். வயல் ஓரமா தாழ்வா மெல்லிசு கம்பி தெரிஞ்சா தாண்டலாம்னு நினைக்கவே வேணாம், திரும்பிடுங்க.

நடக்கும்போதே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, ஏரிக்குள்ள மண் அள்ளின பள்ளம் எல்லாம் எங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. மழைக்கு அப்புறம் அந்தப் பள்ளத்துல தண்ணி நின்னா முட்டியளவா ஆளுயரமான்னு மேல இருந்து பாத்தா தெரியாது. ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள அனுமதி இல்லாம போகக்கூடாது, 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணில நடந்த காட்டுத்தீ விபத்துக்கு அப்புறம் மலையேற்றத்துக்குன்னே தனி விதிமுறை வந்திருக்கு.

ஸ்டெப் 2: நேரம்

சென்னைல மே கடைசில 5:45-க்கு முன்னாடியே சூரியன் வந்துடும், ஜனவரில 6:30 ஆகும். ரோட்டுல 4:30-க்கு கிளம்புற பழக்கத்த இங்க கொண்டு வராதீங்க, காலடி தெரியுற வெளிச்சம் வந்தப்புறம் பாதைல இறங்குங்க. கத்திரி வெயில் நாள்ல தூரத்தக் குறைச்சுக்கோங்க, இருட்டுல கிளம்பி ஈடுகட்ட வேணாம்.

ஸ்டெப் 3: ஷூவும் முள்ளும்

நம்ம பக்கம் எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம்தான், கிளைய வெட்டி பாதை ஓரமா போட்டிருப்பாங்க, அதோட முள் மெத்து மெத்துன்னு இருக்குற ரோடு ஷூ சோல ஊசி மாதிரி துளைச்சுட்டு உள்ள வரும். நிக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஒவ்வொரு தடவ முன்னங்கால ஊணி எழும்பும்போதும் மட்டும் சுருக்குங்கும். அப்படி ரெண்டு தடவ சுருக்குன்னா உடனே நில்லுங்க, ஷூவக் கழட்டி இன்சோல வெளிய எடுத்து உள்பக்கம் விரல மெதுவா தடவிப் பாருங்க, முள் நுனி தட்டுப்படும். அடில பாத்தா பெரும்பாலும் தலை ஒடிஞ்சு சோலுக்குள்ள போயிருக்கும், விரலால வராது, அதுக்குதான் ஒரு சின்ன ட்வீசர் பைல இருக்கணும். கால்ல குத்தி உள்ளயே ஒடிஞ்சிருச்சுன்னா தோண்டாதீங்க, டாக்டர் கிட்ட போங்க, டெட்டனஸ் (டிடி) ஊசி எப்ப போட்டதுன்னும் சொல்லுங்க.

அடி கெட்டியான டிரெயில் ஷூ, கணுக்கால் மூடுற சாக்ஸ், 1 முதல் 2 லிட்டர் தண்ணி, ஓ.ஆர்.எஸ்., விசில், சார்ஜ் உள்ள போன். லைவ் லொக்கேஷன வீட்டுல ஒருத்தருக்கு ஷேர் பண்ணுங்க, முடிஞ்சா தனியா போகவே வேணாம்.

ஸ்டெப் 4: ஓடுற விதம்

வேகத்த மறந்துடுங்க, அடிய சின்னதாக்குங்க, பார்வை மூணு நாலு காலடி தூரம் முன்னாடியே போய்ட்டு இருக்கணும். வரப்புல ஓடவே வேணாம், நடங்க. வரப்பு ஓரத்துல நண்டு வளை இருக்கும், மேல புல் மூடியிருக்கும், கால் பாதி உள்ள போனாலே கணுக்கால் பிசகிடும், அதோட அது ஒருத்தரோட உழைப்பு, வரப்பு சரிஞ்சா தண்ணி நிக்காது. ஏரி நிரம்பி கலங்கல் (மிச்சத் தண்ணி வெளிய போற கல் கட்டு) மேல தண்ணி போறப்ப அந்தக் கல்லுல பாசி இருக்கும், கணுக்கால் அளவு தண்ணிதானேன்னு கடக்காதீங்க. இடி சத்தம் கேட்டா கரைய விட்டு இறங்குங்க, தனிப் பனைமரத்தடில ஒதுங்காதீங்க. பனைமரத்துல கதண்டு (விஷக் குளவி) கூடு இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ஸ்டெப் 5: நாய், மாடு, பாம்பு

நாய் துரத்துறதே நீங்க ஓடுறதாலதான். நின்னுடுங்க, முதுகு காட்டாம மெதுவா பின்னாடி நடங்க, கல் எடுக்குற மாதிரி குனிஞ்சாலே பாதி நாய் விலகிடும். கடிச்சிருச்சுன்னா, கீறல்தான்னாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போங்க, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. கன்னுக்குட்டி கூட இருக்குற பசுவுக்கும் எருமைக்கும் நல்லா இடம் விட்டு சுத்திப் போங்க.

பாம்புன்னா பயப்படணும்னு இல்ல, தெரிஞ்சுக்கணும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலோட விஷத்துக்கும் ஒரே மருந்து இருக்கு, அதுக்கான விஷத்த எடுத்துக் கொடுக்குறதுல வடநெம்மேலில 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, நம்ம ஈ.சி.ஆர். ஓரத்துலயே இருக்கு. கண்ணாடி விரியன் ஆள் வர்ற சத்தத்துக்கு ஓடாது, புல்லுலயே சுருண்டு கிடந்து குக்கர் விசில் மாதிரி சீறும். அந்த சத்தம் கேட்டா அப்படியே நின்னு, எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு விலகுங்க.

கடிச்சுட்டா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, பாம்ப அடிக்கத் தேடிப் போகாதீங்க. ஷூ, கொலுசு, மெட்டி கழட்டிட்டு கால அசைக்காம வைங்க, 108-க்கு கூப்பிடுங்க, நடந்து போகாதீங்க, தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. வலியே இல்லன்னாலும் ஆஸ்பத்திரி போகணும், கட்டுவிரியன் கடி பல பேருக்கு எறும்பு கடிச்ச அளவுகூட தெரியாது.

ஸ்டெப் 6: சூடு

வெறும் தண்ணியவே குடிச்சுட்டே இருந்தாலும் உப்பு குறைஞ்சு தலை சுத்தும், அதனால பாக்கெட்ல போட்டிருக்குற அளவு தண்ணில ஓ.ஆர்.எஸ். கரைச்சு கொண்டு போங்க. கூட ஓடுறவர் தள்ளாடுறார், சம்பந்தமில்லாம பேசுறார்னா அது அசதி இல்ல, ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், வேர்த்துட்டுதான் இருக்காருன்னு விட்டுடாதீங்க. நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, பக்கத்துல பம்ப்செட் இருந்தா அதோட தண்ணியவே விடுங்க, 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

ஸ்டெப் 7: வீட்டுக்கு வந்தப்புறம்

போட்டுட்டுப் போன துணிய உடனே துவைக்கப் போட்டுட்டு சோப்புப் போட்டு குளிங்க, முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா, உடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கான்னு தேடுங்க, அது ஸ்க்ரப் டைஃபஸா (புதர்ல இருக்குற சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்) இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரைலயே குணமாகும். பொருக்கு இல்லன்னாலும் டாக்டர் கிட்ட "புதர்ப் பாதைல, தேங்கின தண்ணில ஓடினேன்"னு நீங்களா சொல்லுங்க, எலிக்காய்ச்சலுக்கும் சேத்து டெஸ்ட் எழுதுவார்.