விழுந்த பல்லைத் தண்ணீரில் போடாதீர்கள்

பெங்களூரு அல்சூர் சந்தில் கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டு முன்பல் வேரோடு விழுந்துவிட்டதா? பால்பல் என்றால் விட்டுவிடுங்கள். திரும்பச் செருகினால் உள்ளே வளரும் பல் கெடலாம். 9 வயதுக்கு மேல் முன்பல் பெரும்பாலும் நிலைப்பல்தான்.

வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நார்ச் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் எலும்போடு மறுபடி சேரும். அதனால் தேய்க்கக் கூடாது, சோப்பு, டெட்டால் எதுவும் கூடாது. மண் இருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில நொடி அலசி, உடனே குழியில் வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள்.

குழியில் வைக்கப் பயமாக இருக்கிறதா? பக்கத்துக் கடையில் ஒரு நந்தினி பால் பாக்கெட் வாங்குங்கள். குளிர்ந்த பாலில் பல்லைப் போட்டுப் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீரில் ஊறினால் செல்கள் உப்பி வெடிக்கும். டிஷ்யூவில் சுற்றினால் காய்ந்துவிடும் (பலர் செய்வது இதைத்தான்). 60 நிமிடம் காய்ந்தபின் அந்தச் செல்கள் பிழைப்பது அரிது.

விக்டோரியா மருத்துவமனை அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பல்லைப் பக்கத்துப் பற்களோடு சுமார் 2 வாரம் கம்பியால் கட்டுவார்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.