ஆலங்கட்டி மழைக்குப் பின் கூரை ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலங்கட்டி மழை நின்று, முற்றத்தில் சிதறிய கட்டிகள் கரைவதற்குள் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். தோளில் ஏணி, மார்பில் அடையாள அட்டை, முகத்தில் அக்கறை. "தெரு முழுக்க அடி வாங்கியிருக்கிறது. உங்கள் கூரையையும் இலவசமாக ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்" என்பார். கீழே இறங்கியதும் ஒரு தாளை நீட்டுவார். "இது ஒன்றுமில்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் பேச உங்கள் சம்மதம் மட்டும்" என்பார். பிறகு வருத்தப்படும் வீட்டுக்காரர்களில் பலருக்கும் வருத்தம் தொடங்கிய இடம் அந்தத் தாள்தான். பின்னால் வரும் தவறுகளில் முக்கால்வாசியும் அந்த முதல் கையெழுத்தின் அவசரத்திலிருந்து முளைப்பவை. அதனால் அதையே முதலில் பேசுகிறேன்.

கையெழுத்தும் அவசரமும்

கூரை விஷயத்தில் உண்மையான அவசரம் ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே இறங்குவது. ஓடு உடைந்தோ, தார் பூசிய கூரை அட்டையான ஷிங்கிள் கிழிந்தோ, கூரைச் சன்னல் நொறுங்கியோ வீட்டுக்குள் ஒழுகினால், அன்றே தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று பெரும்பாலான காப்பீட்டுப் பாலிசிகள் சொல்கின்றன. அந்தச் செலவுக்கான ரசீதையும், மூடுவதற்கு முன் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்தினால் போதும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதையும் தள்ளிப்போடக் கூடாது, அதற்குக் கால வரம்பு உண்டு. ஆனால் முழுக் கூரையையும் யார் மாற்றுவது என்ற முடிவுக்கு இந்த அவசரம் பொருந்தாது. தார்ப்பாய் போட ஒருவரை அழைத்ததாலேயே கூரை வேலையையும் அவருக்கே கொடுக்க வேண்டியதில்லை. தார்ப்பாய்க்குத் தனித் தாள், தனி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலில் நீட்டப்படும் தாளில் பெரும்பாலும் இருப்பது நிபந்தனை ஒப்பந்தம். காப்பீட்டு நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்டால் இந்த வேலை எங்களுக்கே என்பதுதான் அதன் சாரம். விலை எழுதப்பட்டிருக்காது. "காப்பீடு தரும் தொகைக்கு" என்று மட்டும் இருக்கும். எந்தப் பொருள், எந்த வகை, எப்போது தொடங்கி எப்போது முடிப்பார்கள் என்பது எதுவும் இருக்காது. ஆனால் நீங்கள் மனம் மாறினால் தொகையில் இத்தனை விழுக்காடு தர வேண்டும் என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் தவறாமல் இருக்கும். விலையும் பொருளும் எழுதாத தாள் எதுவானாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏறிப் பார்ப்பதற்கு உங்கள் வாய்ச்சொல் போதும்.

இந்தத் தொல்லை அதிகமாக உள்ள அமெரிக்காவில் சட்டங்களும் இதன் பின்னால்தான் ஓடியிருக்கின்றன. வீட்டு வாசலில் வைத்துப் போடும் விற்பனை ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்பது அங்கே கூட்டாட்சி விதி. கொலராடோ மாநிலம் 2012இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டதாகத் தகவல் வந்த 72 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் கூரை ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கோரிக்கை உரிமையையே ஒப்பந்ததாரருக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஃபுளோரிடாவில் வழக்குகளாகப் பெருகியதால், 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் வீட்டுப் பாலிசிகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள் வீட்டுக்கான பணம் குறித்து முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இத்தகைய தடை இல்லாத ஊர்களில் இந்த வரியை நீங்களே தேடிப் படித்துத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

"உங்கள் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்"

காப்பீட்டில் டிடக்டிபிள் என்று ஒரு தொகை உண்டு. சேதச் செலவில் முதல் பகுதியை நீங்கள் ஏற்க வேண்டும், மிச்சத்தை நிறுவனம் தரும் என்பது பாலிசி வாங்கும்போதே நீங்கள் ஒப்புக்கொண்டது. காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு மட்டும் பல பாலிசிகளில் இந்தத் தொகை வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். கோரிக்கை வைத்த பிறகே பலருக்கு அது தெரியவருகிறது. அந்த அதிர்ச்சியில் இருப்பவரிடம், "அதை நீங்கள் கொடுக்கவே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் தெய்வமாகத்தான் தெரிவார்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒன்று, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் பில்லில் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுகிறார்கள். அது மோசடி, அதில் கையெழுத்து உங்களுடையது. இல்லையென்றால் உங்கள் கூரையிலிருந்தே அதை எடுக்கிறார்கள். புகைபோக்கியையும் சுவரையும் ஒட்டி மழைநீர் இறங்காமல் தடுக்கும் பழைய ஃபிளாஷிங் தகட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே பூசி மூடுகிறார்கள். அடிவிரிப்பில் மலிவானதைப் போடுகிறார்கள். ஆணிகளைக் குறைக்கிறார்கள். இவை எதுவும் முடிந்த கூரையைத் தரையிலிருந்து பார்க்கும்போது தெரியாது. மூன்றாம் மழைக்காலத்தில் உத்தரத்தின் ஓரம் கறுக்கும்போதுதான் தெரியும்.

டெக்சாஸ் மாநிலம் 2019 செப்டம்பரிலிருந்து இதைக் குற்றமாக்கிவிட்டது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகவோ திருப்பித் தருவதாகவோ ஒப்பந்ததாரர் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் அதைக் கட்டியதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். உங்கள் ஊரில் சட்டம் எப்படி இருந்தாலும், முதல் சந்திப்பிலேயே இந்தச் சலுகையைப் பேசும் ஒருவருடன் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. இன்னொருவரை ஏமாற்ற உங்களைக் கூட்டுச் சேர்ப்பவர் உங்களை ஏமாற்றத் தயங்கமாட்டார்.

சேதத்தை அவர் கண்ணால் மட்டும் பார்ப்பது

ஏறிப் பார்த்தவர் காட்டும் படங்களை மட்டும் நம்பி முடிவெடுப்பது அடுத்த தவறு. கூரை மேல் நீங்கள் ஏற வேண்டாம், அது ஆபத்து. தரையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. ஆலங்கட்டி முதலில் அடையாளம் பதிப்பது மெல்லிய உலோகத்தில்: மழைநீர்க் குழாய், தாழ்வாரத் தகடு, காற்றுப்போக்கி மூடி, ஏசியின் வெளிப்பெட்டியில் உள்ள மெல்லிய தகடுகள். இவற்றில் ஒரு பள்ளம்கூட இல்லாத வீட்டில் "கூரை முழுக்கப் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். அமெரிக்க வானிலைச் சேவை 2010லிருந்து ஓர் அங்குல விட்டமும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளையே கடுமையானவை என்று கணக்கிடுகிறது. விழுந்த கட்டியை ஒரு நாணயத்துக்கோ அளவுகோலுக்கோ பக்கத்தில் வைத்து அன்றே படம் எடுத்தால், பிறகு யார் என்ன சொன்னாலும் அது சாட்சி.

தார் ஷிங்கிளில் உண்மையான ஆலங்கட்டி அடி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அடிபட்ட இடத்தில் மேலே ஒட்டியிருக்கும் மணித்துகள்கள் உதிர்ந்து கருந்தார் வெளியே தெரியும். விரலால் அழுத்தினால் ஆப்பிளில் கன்றிய இடம்போல மெத்தென்று இருக்கும், உள்ளே உள்ள கண்ணாடி இழை விரிசல் விட்டிருக்கும். அடிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், சிறிதும் பெரிதுமாக இருக்கும், காற்று வீசிய பக்கத்துச் சரிவில் அதிகமாக இருக்கும். சுத்தியலாலோ நாணயத்தாலோ கையால் உண்டாக்கிய தடங்கள் ஒரே அளவில், ஒரே இடத்தில் கூட்டமாக, எட்டும் தூரத்தில் இருக்கும். வெயிலில் பூத்த கொப்புளங்களையும் வயதான கூரையின் துகள் உதிர்வையும் ஆலங்கட்டிக் கணக்கில் சேர்ப்பதும் நடக்கிறது. ஆலங்கட்டி அடியில் துகள் உதிர்ந்ததால் இன்றே ஒழுகிவிடாது. வெயில் நேரடியாகத் தாரில் பட்டு அது விரைவில் காய்ந்து வெடிக்கும், அதனால்தான் அது சேதம். "ஒழுகவில்லையே, விட்டுவிடலாம்" என்று இருந்துவிடுவதும் தவறே.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு நிறுவனத்தின் அட்ஜஸ்டர் வரும் நாளில் ஒப்பந்ததாரரும் உடன் இருந்து விடுபட்ட சேதத்தைச் சுட்டிக்காட்டலாம், அது உங்களுக்கு நன்மையே. உங்கள் சார்பில் கோரிக்கையைப் பேசி முடிப்பதாக அவர் சொன்னால் அது வேறு. அதற்குப் பல இடங்களில் தனி உரிமம் வேண்டும். தான் கூரை போடும் வேலைக்கே கோரிக்கையையும் பேசக் கூடாது என்ற டெக்சாஸின் விதியை எதிர்த்து ஒரு கூரை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் விதியின் பக்கமே தீர்ப்பளித்தது.

உரிமம், காப்பீடு, முகவரி

இது எளிய பகுதி, ஆனால் பலர் தாண்டிப்போகிறார்கள். "உரிமம் இருக்கிறது" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். உரிமம் தரும் அலுவலகத்தில் எண்ணைச் சரிபாருங்கள். சில இடங்களில் கூரை வேலைக்குத் தனி உரிமமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். டெக்சாஸிலும் கொலராடோவிலும் மாநில அளவில் அப்படி ஒன்று இல்லை, கொலராடோவில் நகர நிர்வாகங்கள் தனித்தனியே கேட்கின்றன. அங்கே "மாநில உரிமம் பெற்றவர்" என்று அச்சடித்த அட்டையே ஒரு பொய்.

உரிமத்தைவிட முக்கியமானது அவருடைய காப்பீடு. கூரை வேலை உயரத்தில் நடப்பது, விழுகிறவர்கள் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இல்லாதவரின் ஆள் உங்கள் வீட்டு மேலிருந்து விழுந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். சான்றிதழின் நகலை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். அவருடைய காப்பீட்டு முகவரிடமிருந்து நேராக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலாவதியான நகல்கள் தாராளமாகச் சுற்றுகின்றன.

வெளியூர் ஆள் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய புயலுக்குப் பின் உள்ளூர் ஆட்கள் போதாமல் நல்ல குழுக்களும் தொலைவிலிருந்து வருகின்றன. சிக்கல் அவர்கள் போன பிறகுதான். ஷிங்கிள் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொருளில் உள்ள குறைக்கு மட்டும். கூரை ஒழுகுவது பெரும்பாலும் போட்ட விதத்தில் உள்ள குறையால், அதற்கு வேலை செய்தவரின் உத்தரவாதம்தான் கைகொடுக்கும். பத்தாண்டு உத்தரவாதம் தருபவர் பத்தாண்டு அங்கே இருப்பாரா? நாலைந்து ஆண்டுக்கு முன் அவர் போட்ட கூரைகளின் முகவரிகளைக் கேட்டு அவர்களிடம் பேசுங்கள். போன வாரம் முடித்த வீட்டில் எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள்.

ஒரு வரி விலைப்புள்ளி

"கூரை முழுவதும் மாற்றுதல்" என்ற ஒரு வரியும் மொத்தத் தொகையும் உள்ள விலைப்புள்ளிகள் மூன்றை வரிசையாக வைத்து மலிவானதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் எதையும் ஒப்பிடவில்லை. பழைய அடுக்கை முழுவதும் உரித்து எடுப்பார்களா, மேலேயே போடுவார்களா, ஃபிளாஷிங் புதியதா, விளிம்புத் தகடு உண்டா, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளவாய்களில் நீர்த்தடை விரிப்பு உண்டா, அடியில் உள்ள பலகை அழுகியிருந்தால் ஒரு பலகைக்கு என்ன விலை, அனுமதி யார் வாங்குவது, குப்பையை யார் அகற்றுவது. இவை எழுதப்பட்டிருந்தால்தான் மூன்றும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுகின்றன என்று பொருள். பலகை விலையை முன்பே எழுதி வாங்காதவர்கள், கூரை திறந்துகிடக்கும் நேரத்தில் அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும்.

கூரை மாற்றும் சமயம் அடுத்த ஆலங்கட்டியையும் யோசிக்கலாம். யூஎல் 2218 என்ற சோதனையில் இரண்டு அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் விரிசல் விடாத பொருளுக்கு நான்காம் வகுப்பு என்று பெயர். அதற்குச் சில காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைக்கின்றன. குறைப்போடு, தோற்றத்தை மட்டும் கெடுக்கும் பள்ளங்களுக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் சேர்ந்து வரலாம். உலோகக் கூரை வைத்திருப்பவர்கள் அந்த வரியைப் படித்த பிறகே சரி என்று சொல்ல வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை

மாற்றுச் செலவு முழுவதையும் தரும் பாலிசிகளில்கூடப் பணம் பெரும்பாலும் இரண்டு தவணையாக வருகிறது. முதல் காசோலை கூரையின் வயதுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பு. கழித்த தொகை வேலை முடிந்து பில் காட்டிய பிறகு வரும். முதல் காசோலையைப் பார்த்து "இதற்கு யார் கூரை போடுவார்கள்" என்று கலங்குபவர்களும், அதை அப்படியே ஒப்பந்ததாரருக்கு எழுதிக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது செயலுக்குப் பின் ஆள் வராமல் போன கதைகள் ஏராளம். பொருள் உங்கள் வாசலில் இறங்கும்போது ஒரு பகுதி, முடிந்ததும் மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நியாயமாக முழுப் பணமும் கட்டியவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒப்பந்ததாரர் ஷிங்கிள் வாங்கிய கடைக்குப் பணம் தராவிட்டால், அந்தக் கடை உங்கள் வீட்டின் மீது லீன் எனப்படும் பற்றுரிமை கோரலாம். ஒரே கூரைக்கு இருமுறை பணம் கட்டும் நிலை வரும். கடைசித் தவணைக்கு முன், கடைக்காரரும் வேலையாட்களும் தங்கள் பாக்கி தீர்ந்தது என்று கையெழுத்திட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் இன்னும் உறுதியாகக் கேளுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் பரணுக்குள் ஏறிப் பாருங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் எங்காவது ஊசி வெளிச்சம் தெரிகிறதா, காற்றுப்போக்கிக் குழாய்கள் இடம் மாறிக் கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். வாசலிலும் புல்வெளியிலும் காந்தத்தை இழுத்து ஆணிகளைப் பொறுக்கச் சொல்லுங்கள், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. மிஞ்சிய ஷிங்கிளில் ஒரு கட்டு உறையோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகையும் நிறமும் அந்த உறையில்தான் அச்சாகியிருக்கும். பின்னொரு நாள் நாலு ஷிங்கிள் மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அது உதவும்.