இலவசமாகக் கொடுத்தாலும் சொல்லாமல் மாற்றாதீர்கள்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு போட ஒரு மென்பொருள் எழுதி, அதை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருந்தேன். ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லோடு லோடாக இறங்கும் நேரம். சீட்டு பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று, புதிய பதிப்பில் கிலோவுக்குப் பின்னால் வரும் புள்ளி எண்களை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். சீட்டைத் தராசு ஓரம் வைத்து விரலால் தட்டினார். "தராசுல 386.70 காட்டுது, சீட்டுல 386 விழுது. இந்த 700 கிராமுக்குக் காசு யாரு தம்பி கொடுக்கிறது?"

உரிமத்தில் "உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை" என்றுதான் இருக்கிறது. வழக்கு வந்தால் அந்த வரி என்னைக் காப்பாற்றும். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன விவசாயிக்கு அதனால் என்ன பயன்? உரிமத்தோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதுதான், இலவச மென்பொருள் எழுதும் நாம் செய்யும் பெரிய தவறு. கேட்டதையெல்லாம் செய்துகொடுக்கும் கடமை நமக்கு இல்லை. மாற்றினால் முன்கூட்டியே சொல்லும் கடமை உண்டு. பதிப்பு எண்ணை 1.4.2-இல் இருந்து 1.4.3 என்று மட்டும் மாற்றி வெளியிட்டால் சின்னத் திருத்தம் என்று நம்பித்தான் நிறுவுவார்கள். பழைய கணக்கு மாறுகிறதென்றால் 2.0 என்று போட்டு, முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

சொல்லாமல் நிறுத்துவதும் இதே தவறுதான். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் திடீரென்று எடுத்துவிட, அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் ஒரே நாளில் நின்றன. பைத்தான் என்ற நிரல் மொழியை உருவாக்குபவர்கள், அதன் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கு ஆதரவு 2015-இல் முடியும் என்று முதலில் அறிவித்தார்கள். பயனர்கள் புதிய பதிப்புக்கு மாறி முடிக்கவில்லை என்று தெரிந்ததும் 2020 வரை தள்ளினார்கள். மரியாதை என்றால் அது.

களைத்துப்போனால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஆனால் வந்தவர் கையில் அவசரப்பட்டுத் திட்டத்தின் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் திட்டத்தில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தார். 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் வைத்த கள்ளவாசல், அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, வெளியே வந்தது.

"அடுத்த வாரம் பண்ணித்தரேன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லவும் வேண்டாம். முடியாது என்று சொன்னால், பயனர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.

அன்று மாலையே பழைய கணக்கைத் திரும்ப வைத்தேன். கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, விடுபட்ட கிராம்களைச் சீட்டு சீட்டாக எழுதிக் கூட்டினோம். இப்போது ஏப்ரலில் இருந்து ஜூலை முடியும்வரை, பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் நான் வெளியிடுவதில்லை.