பழைய கிராஃபிக்ஸ் கார்டு, புது மதர்போர்டு: திரை வராததற்குக் காரணம்

ஃபேன் சுற்றியது, திரை மட்டும் வரவில்லை. ஸ்லாட்டைச் சந்தேகிக்க வேண்டாம், பிசிஐஇ 2.0 கார்டு 4.0 ஸ்லாட்டிலும் ஓடும். 2012க்கு முந்தைய கார்டுகள் பலவற்றின் பயாஸில் (கார்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளில்), புது போர்டுகளின் தொடக்க முறையான யூஇஎஃப்ஐக்குத் தேவையான ஜிஓபி டிரைவர் கிடையாது; அது இல்லாமல் யூஇஎஃப்ஐயால் திரையில் படம் காட்ட முடியாது. இத்தகைய கார்டுகளைப் பழைய முறையில் ஓடவிடும் சிஎஸ்எம் வசதியோ, புது போர்டுகளில் பெரும்பாலும் அணைந்தே வருகிறது.

கார்டைக் கழற்றிவிட்டு, போர்டின் சொந்த எச்டிஎம்ஐ வழியாக போர்டின் பயாஸ் அமைப்புகளுக்குள் போனேன். (பிராசசரில் உள் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் புதிய கார்டு ஒன்றை இரவல் வாங்குங்கள்.) முதலில் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவலை) நிறுத்தி, பிறகு சிஎஸ்எம்மை இயக்கினேன். சிஎஸ்எம் மெனுவுக்குள் வீடியோவுக்கு லெகசி (பழைய முறை), ஸ்டோரேஜுக்கு யூஇஎஃப்ஐ என்று வைத்தேன். ஸ்டோரேஜையும் லெகசி ஆக்கினால் ஜிபிடி (புதிய பகுப்பு முறை) டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் பூட் ஆகாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சேமித்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைப் பொருத்தியதும் படம் வந்தது.

பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் சிஎஸ்எம் மறுபடி அணைந்துவிடும். சில புது போர்டுகளில் சிஎஸ்எம் வசதியே இல்லை. வாங்குமுன் கையேட்டைப் பாருங்கள்.