ப்ரீஆம்பில் ஹம் வராத ±15 வோல்ட் பவர் சப்ளை: செய்முறை

என்இ5532 ஐசியில் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சின்ன சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) போட்டாயிற்று, ஆனால் ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம். உடனே ஐசியை மாற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு சப்ளையில், அதிலும் கிரவுண்ட் ஒயர் போகும் வழியில்தான் இருக்கும்.

1. 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 500 மில்லிஆம்ப் போதும். பிரைமரியில் 230 வோல்ட். ஃபியூஸ் கட்டாயம், பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள்.

2. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின், பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அங்கே சுமார் 20 வோல்ட் வரும். லோடு இல்லாதபோது இன்னும் ஏறும், அதனால் 35 வோல்ட் ரகமே வாங்குங்கள். 50 மில்லிஆம்ப் இழுத்தால் 100 ஹெர்ட்ஸில் 0.2 வோல்ட் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இருக்கும்.

3. வோல்டேஜை 15-இல் நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசிகள்: பிளஸ்ஸுக்கு 7815, மைனஸுக்கு 7915. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கால்கள் வேறு. எழுத்து உங்களைப் பார்த்தபடி இருக்க, இடமிருந்து 7815: இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915: கிரவுண்ட், இன்புட், அவுட்புட். 7915-இன் முதுகுத் தகடு இன்புட்டோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் திருகினால் ஷார்ட்தான். இரண்டின் அவுட்புட்டிலும் 47 மைக்ரோஃபாரட் போடுங்கள்.

4. ரெகுலேட்டரிலிருந்து வரும் ஒவ்வொரு லைனிலும் 10 ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட். இந்த ஜோடி மிஞ்சிய ரிப்பிளை வடிகட்டும். என்இ5532 8 மில்லிஆம்ப்தான் குடிக்கும் என்பதால் ரெசிஸ்டரில் 0.08 வோல்ட்தான் போகும், நல்ல லாபம். ஐசியின் சப்ளை கால்களான 8, 4-ஐ ஒட்டியே ஆளுக்கொரு 100 நானோஃபாரட். தள்ளி வைத்தால் வைத்தும் பிரயோஜனமில்லை.

5. இனி கிரவுண்ட். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரில் கரண்ட் சீராக ஓடாது. கெப்பாசிட்டர் சார்ஜாகும் நேரத்தில் மட்டும் குபுக் குபுக்கென்று பாயும். ஒயருக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டே! ப்ரீஆம்பின் கிரவுண்டை அந்த ஒயரின் நடுவில் சோல்டர் செய்தால், அந்தத் துடிப்பு அப்படியே சிக்னலில் ஏறிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த ரெகுலேட்டரும் அதைத் தடுக்காது. நடு ஒயர் முதலில் இரு பெரிய கெப்பாசிட்டரும் சேரும் இடத்தில் முடியட்டும். அங்கிருந்து தனி ஒயர் ஒன்று ரெகுலேட்டர் பக்கம் போகட்டும். அவுட்புட் கெப்பாசிட்டர்களின் கிரவுண்டிலிருந்து ப்ரீஆம்புக்கு எடுங்கள்.

சரி, சோதனை. முதலில் ஐசியை மாட்டாமல் சாக்கெட்டில் ±15 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐசியை மாட்டி, இன்புட்டை ஷார்ட் செய்து வால்யூமைக் கூட்டுங்கள். கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் ரிப்பிளோ கிரவுண்டோ காரணம். அடித்தொண்டை 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஹம் கூடிக் குறைந்தால் அதன் காந்தப்புலம்தான், தள்ளி வையுங்கள்.