ஜேன் அயரின் கையில் எவ்வளவு பணம் இருந்தது?

போன மாதம் ஒரு மாணவி தன் எம்.ஏ. ப்ராஜெக்டைக் கொண்டுவந்து காட்டினாள். விக்டோரியக் காலப் பெண் நாவலாசிரியர்களும் அவர்களுடைய கதாநாயகிகளும் என்று தலைப்பு. 40 பக்கம். 17ஆம் பக்கத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நான் எம்.ஃபில். படித்தபோது எழுதிய அதே வாக்கியம், கிட்டத்தட்ட எழுத்துப் பிசகாமல். என்னுடையதைப் பார்த்து எழுத வழியே இல்லை, அது எந்த அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறதோ. அவளாகவேதான் விழுந்திருக்கிறாள், நான் விழுந்த அதே குழியில்.

ஜார்ஜ் எலியட்டை ஆண் என்று நினைப்பது, 1817இலேயே இறந்துபோன ஜேன் ஆஸ்டினை 1837இல் அரியணை ஏறிய ராணியின் காலத்தில் சேர்ப்பது, இவற்றையெல்லாம் நான் இங்கே எடுக்கப்போவதில்லை. முதல் செமஸ்டரிலேயே யாராவது சிரித்துத் திருத்திவிடுவார்கள். யாரும் சிரிக்காத தவறுகள்தான் ஆபத்து. அவற்றுக்கு மார்க்கே கிடைத்துவிடும்.

நாயகிதான் ஆசிரியர் என்று எடுத்துக்கொள்வது

'ஜேன் அயர்' நாயகி ஜேன் என்றால் அதை எழுதிய சார்லட் பிராண்டே, 'த மில் ஆன் த ஃபிளாஸ்' நாயகி மேகி டலிவர் என்றால் ஜார்ஜ் எலியட். பாதிப் பேப்பர்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. இதில் மாணவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1847இல் வெளிவந்தபோதே 'ஜேன் அயர்' முகப்பில் 'ஒரு சுயசரிதை' என்றுதான் போட்டிருந்தது, பதிப்பித்தவர் கரர் பெல் என்ற புனைபெயரோடு. லண்டனே ஏமாந்தது. சார்லட் தான் மதித்த எழுத்தாளரான தாக்கரேக்கு இரண்டாம் பதிப்பைச் சமர்ப்பணம் செய்தார். தாக்கரேயின் மனைவி மனநலம் குன்றியவர் என்பது அவருக்குத் தெரியாது. ஊர் வாய் சும்மா இருக்குமா? கரர் பெல் என்பது தாக்கரே வீட்டில் கவர்னஸாக (வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாக) இருந்த பெண்தான், அந்த வீட்டுக் கதையைத்தான் எழுதிவிட்டாள் என்று வதந்தி கிளம்பியது. விஷயம் காதுக்கு வந்தபோது சார்லட் கூசிப்போனார்.

வாழ்க்கையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜேன் படிக்கும் லோவுட் பள்ளிக்குப் பின்னால் சார்லட் படித்த கோவன் பிரிட்ஜ் பள்ளி இருக்கிறது. அங்கே நோயில் விழுந்த சார்லட்டின் அக்காமார் இருவரும் 1825இல் 11 வயதிலும் 10 வயதிலும் இறந்தார்கள். அந்த வலி இல்லாமல், லோவுடில் இறந்துபோகும் ஜேனின் தோழி ஹெலன் பர்ன்ஸ் இல்லை. ஆனால் எங்கே ஒத்துப்போகிறது என்று தேடுவதை விட எங்கே மாறுகிறது என்று பாருங்கள். 1841இல் கவர்னஸ் வேலைக்குப் போன சார்லட்டுக்குப் பேசிய சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு, அதிலும் துணி வெளுக்கும் செலவு பிடித்தம். ஜேன் கவர்னஸாகப் போகும் தார்ன்ஃபீல்ட் மாளிகையில் அவளுக்கு 30 பவுண்டு. தனக்குக் கிடைக்காத சம்பளத்தைத் தன் கதாநாயகிக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கல்யாணம் நடந்தது, ஆகவே நாயகி தோற்றாள் என்று தீர்ப்பெழுதுவது

இதுதான் அந்த 17ஆம் பக்கம். 'இறுதியில் ஜேன் திருமணம் செய்துகொண்டு ஆணாதிக்கத்திடம் சரணடைகிறாள்.' நான் எழுதியபோது இன்னும் கொஞ்சம் அலங்காரமாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கோட்பாடு பற்றி ஏதாவது கேட்பார் என்று ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா, கல்யாணத்தன்னிக்கு அந்தப் பொண்ணு கையில எவ்வளவு பணம் இருந்துது?"

நான், "அவ அநாதை சார், ஏழை" என்றேன்.

அவர் பைண்ட் செய்த புத்தகத்தை மூடினார். அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம் போனது. அந்த ஆண்டு விளம்பரமாகியிருந்த ஒரு விரிவுரையாளர் வேலைக்குக் கையில் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவும் முடியவில்லை. அதனால்தான் யாராவது 'சரணடைகிறாள்' என்று எழுதினால் எனக்கு இன்றைக்கும் உள்ளே எரிகிறது.

பணக்கணக்கை நாவல் மறைத்து வைக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்கிறது. லோவுடில் ஆசிரியையாக 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டில் அதைப்போல இரண்டு மடங்கு. தன்னை மணக்க இருந்த தார்ன்ஃபீல்ட் எஜமான் ரோச்செஸ்டரை விட்டு ஓடும் விடியலில் பர்ஸில் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு, அதுதான் மொத்த ஆஸ்தி. இரண்டு மூன்று நாளில் பன்றிக்குப் போட வைத்திருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கும் நிலை. பிறகு மதேராவில் இருந்த சித்தப்பா இறந்து 20,000 பவுண்டு வருகிறது. அதை அத்தை பிள்ளைகள் மூவரோடு நாலாகப் பிரித்துத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். கவர்னஸ் சம்பளத்தில் அது 166 ஆண்டு உழைப்பு. 'நான் இப்போது பணக்காரி, எனக்கு நானே எஜமானி' என்று பார்வை போன ரோச்செஸ்டரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு, நானே மூன்றாம் வாசிப்பில்தான் கண்டேன். பாதியில் நின்றுபோன அந்த முதல் கல்யாணத்துக்கு முன்னால் ரோச்செஸ்டர் ஜேனைப் பட்டுத்துணிக் கடைக்கு அழைத்துப் போகிறான். அவன் வாங்கி வாங்கிக் குவிக்க அவளுக்கு உடம்பு கூசுகிறது. நமக்கென்று சொந்தமாக ஏதாவது இருந்தால் இப்படிப் பொம்மைபோல நிற்க வேண்டியதில்லையே என்று நினைத்து, மதேராச் சித்தப்பாவுக்குக் கல்யாணச் செய்தியை எழுதுகிறாள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே மேசன் இருக்கிறான், ரோச்செஸ்டர் வீட்டுக்குள் மறைத்து வைத்திருக்கும் முதல் மனைவி பெர்த்தாவின் சகோதரன். அவன் வந்து தடுத்து சர்ச்சில் கல்யாணம் நின்றதற்குக் காரணம் அந்தக் கடிதம். 'தற்செயல்' என்று நோட்ஸ்களில் போட்டிருப்பார்கள். சொந்தக் காசு வேண்டும் என்ற ஆசைதான் அவளை ஒரு பொய்க் கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது.

இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் அத்தியாயத்தை அடியோடு மாற்றினேன். ஜேன் தோற்கவில்லை, பொருளாதாரச் சமத்துவத்தோடு ரோச்செஸ்டருக்கு எதிரே நிற்கிறாள் என்று முடித்தேன். என் கைடு படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். அந்த 5,000 பவுண்டு தாலி கட்டின மறுநாள் யாருது?" என்றார். அவர் தாலி என்றுதான் சொன்னார்.

மறுபடியும் அடி. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மனைவிக்குத் தனியாகச் சட்ட உருவமே கிடையாது, அவள் கணவனுக்குள் அடக்கம். இதன் பெயர் கவர்ச்சர் (கவர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒருவர் அப்படியும் எழுதியிருக்கிறார்). மனைவியின் ரொக்கமும் நகையும் அவள் சம்பாதிப்பதும் கணவனுடையவை. நிலத்தை அவளைக் கேட்காமல் விற்க முடியாது, வருமானம் அவன் கைக்குப் போகும். பணக்கார வீடுகளில் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிப் பெண்ணின் சொத்தை டிரஸ்டில் போட்டுவைப்பார்கள். 1870ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கியது. முழுச் சொத்துரிமை கிடைத்தது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

இது எழுத்தாளர்களின் வீட்டுக் கதையும்தான். 1850இல் 'லிசி லீ' கதைக்கு 20 பவுண்டு வந்ததை எலிசபெத் கேஸ்கல் தோழிக்கு எழுதுகிறார்: கணவர் வில்லியம் அலட்டிக்கொள்ளாமல் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாராம். கோபமா வேடிக்கையா என்று பிரிக்க முடியாத வரி. சார்லட்டோ 1854இல் ஆர்தர் நிக்கல்ஸைக் கைப்பிடிப்பதற்கு முன் தன் பணத்தை ஒப்பந்தம் எழுதி டிரஸ்டில் ஒதுக்கிவிட்டார். ஜேன் அப்படி எழுதிக்கொண்டதாக நாவலில் ஒரு வரியும் இல்லை.

பெர்த்தா? அவள் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்தது 30,000 பவுண்டு. கவர்னஸுக்கு 30, மனைவிக்கு 30,000. மனைவியின் பணம் கணவனுக்குப் போன பின் அவள் எங்கே இருக்கிறாள் என்பதை நாவல் மூன்றாம் மாடியில் பூட்டி வைத்துக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகும், பெர்த்தா இறந்தபின் ஜேன் ரோச்செஸ்டரைக் கட்டிக்கொள்கிறாள். இதைத் தோல்வி என்பதா, துணிச்சல் என்பதா, காதல் என்பதா? எது வேண்டுமானாலும் எழுதுங்கள். பணத்தை எண்ணிவிட்டு எழுதுங்கள்.

எண்ணப் பழகிவிட்டால் மற்ற நாவல்களும் வேறு முகம் காட்டும். எமிலி பிராண்டேயின் 'வதரிங் ஹைட்ஸ்' என்றதும் காதல், புயல், பொட்டல் மேடு என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். ஆனால் ஹீத்கிளிஃப் பழிவாங்குவது சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு. சாகப்போகிற மகன் லின்டனுக்குத் தன் காதலியின் மகளான இளைய கேத்தரினைக் கட்டாயமாகக் கட்டிவைக்கிறான். அவளுடைய அசையும் சொத்து லின்டனுக்குப் போகிறது, லின்டன் எழுதிய உயில்வழி அப்பனுக்கு வந்துவிடுகிறது. கேஸ்கலின் 'நார்த் அண்ட் சவுத்' முடிவில் நாயகி மார்கரெட் ஹேல், தொழில் நொடித்த ஆலை முதலாளி தார்ன்டனிடம் மனதைத் திறப்பது எப்படி? வங்கியில் 100க்கு இரண்டரை வட்டியில் சும்மா கிடக்கும் 18,057 பவுண்டைக் கடனாகத் தருகிறேன் என்று சொல்லித்தான். அந்த 57 இருக்கிறதே, அதற்காகவே கேஸ்கலைக் கும்பிடலாம்.

கதை எழுதிய ஆண்டையும் கதை நடக்கும் ஆண்டையும் குழப்புவது

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871–72இல் வெளிவந்தது, கதை 1829இலிருந்து 1832 வரை. நாயகி டொரோதியாவை 1870களின் பெண்ணாக வைத்து எழுதினால் எல்லாமே கோணலாகும். ஜார்ஜ் எலியட்டின் வாசகிகள், பெண்களுக்கான கல்லூரி வந்துவிட்ட காலத்தில் உட்கார்ந்து, அது இல்லாத காலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் செத்தபின் லாடிஸ்லாவைக் கட்டினால் சொத்து இல்லை என்று அவள் கணவன் கசாபன் உயிலில் சேர்த்துவைத்த இணைப்பும், 'எனக்கென்று ஆண்டுக்கு 700 பவுண்டு இருக்கிறது, போதும்' என்று அவள் கிளம்புவதும் அந்தப் பின்னணியில் படிக்க வேண்டியவை.

ஆன் பிராண்டேயின் 'த டெனன்ட் ஆஃப் வைல்டுஃபெல் ஹால்' இன்னும் கூர்மை. வந்தது 1848. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு நாயகி ஹெலன் ஓடுவது 1820களில். பிரிந்துபோன தாய் ஏழு வயதுக்குள்ளான பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க வழி பிறந்ததே 1839இல்தான். ஆக, ஓடும் நாளில் ஹெலனுக்குத் தன் பிள்ளைமீது சட்டப்படி ஒரு பிடியும் இல்லை. அவள் படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாளே, அந்தக் காசும் சட்டப்படி அந்தக் குடிகாரனுக்குச் சொந்தம்.

எல்லாரையும் 'வீட்டுத் தேவதை' ஆக்குவது

கணவனுக்காகவே வாழும் இலட்சிய மனைவி என்று பொருள்படும் அந்தத் தொடரைக் கொடுத்த கவிஞர் பேட்மோரின் கவிதை 1854இல் வந்தது. ஜேன் அதற்கு ஏழு ஆண்டு முன்பே 'நான் தேவதை இல்லை, சாகும்வரை ஆகவும் மாட்டேன்' என்று சொல்லிவிட்டாள்.

விமரிசன நூலில் தொடங்கி நாவலுக்கு வருவது

வர மாட்டீர்கள்.

'அவர் செத்தாரா இல்லையா' என்பதிலேயே நின்றுவிடுவது

சார்லட்டின் 'வில்லெட்' நாவலின் முடிவில், நாயகி லூசி ஸ்னோவின் காதலர் பால் இமானுவேல் கப்பலில் திரும்பி வருகிறார், புயல் அடிக்கிறது, சார்லட் அதோடு வாயை மூடிக்கொள்கிறார். சோகமாக முடிக்காதே என்று அப்பா கேட்டுக்கொண்டதால் இப்படி மூடுமந்திரம் என்பார்கள். வகுப்பில் ஒருமணி நேரமும் இதே விவாதம்தான் ஓடும். லூசி ஸ்னோவின் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பால் இமானுவேல் கடல் கடந்து போயிருந்த மூன்று ஆண்டில், எதிர்பாராமல் வந்த 100 பவுண்டைப் போட்டுப் பக்கத்து வீட்டையும் எடுத்துப் பள்ளியைப் பெருக்குகிறாள். தன் வாழ்விலேயே சந்தோஷமான ஆண்டுகள் அந்த மூன்றும்தான் என்கிறாள், அவர் ஊரில் இல்லாத ஆண்டுகள்!

அந்த மாணவியை 17ஆம் பக்கத்தோடு திருப்பி அனுப்பினேன். வைவா பெரியவரின் கேள்வியை மட்டும் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து வந்தாள். மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் எழுதுவதுபோல ஒரு தாளில் ஜேனின் வரவு செலவை முதலிலிருந்து போட்டுக்கொண்டு வந்திருந்தாள். 15, 30, 20 ஷில்லிங், 5,000 எல்லாம் இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் கேள்விக்குறி.

"மேடம், சாகக் கிடக்கிற அத்தையைப் பார்க்க ஜேன் ஊருக்குப் போறப்ப ரோச்செஸ்டர் 15 பவுண்டு சம்பளம் தரணும். 10தான் குடுக்கிறார். மிச்சம் 5 பவுண்டுக்குத் திரும்பி வந்து வாங்கிக்கன்னு சொல்றார். இதை வரவுல எழுதவா, பாக்கியில எழுதவா?"